சிக்னல் போன பிறகும் வழி சொல்லும் மேப்



பள்ளித் தேர்வுகள் முடியும் நேரம் வந்தாலே நமக்கு வரும் கடிதங்களில் பயண வாடை அடிக்கத் தொடங்கிவிடும். எந்த ஊருக்குப் போகலாம், எங்கே தங்கலாம், எந்த மாதத்தில் அருவியில் தண்ணீர் விழும் என்றெல்லாம் கேட்பீர்கள். இந்த முறை அவற்றுக்கு நடுவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. "குடும்பத்தோடு காரில் நீண்ட பயணம் கிளம்புகிறோம். போனில் மேப் இருக்கிறது. ஆனால் திரை சின்னது. மலை ஏறினால் சிக்னலும் போய்விடுகிறது. லேப்டாப்பையும் எடுத்துப் போகிறோம். அதில் எந்த ஜிபிஎஸ் மேப் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்?" ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் குழந்தைகளையும் வயதான அப்பா அம்மாவையும் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் போகப்போகும் சாலையைப் பற்றிய கேள்வி இது. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப் மேப்புக்கு உண்மையான வேலை முந்தின நாள் இரவு, தங்கும் விடுதி அறையில்தான். ஓடும் காரில் "இடது பக்கம் திரும்பவும்" என்று சொல்வதற்குப் போன் போதும். ஆனால் போன் அடுத்த திருப்பத்தைத்தான் காட்டும். நாளைய சாலை முழுவதையும், அதன் இரு பக்கமும் இருப்பதையும், மாற்றுவழி எங்கே பிரிகிறது என்பதையும் ஒரே பார்வையில் பார்க்கப் பெரிய திரை வேண்டும். அப்படிப் பார்க்கவிடும் மென்பொருள்தான் நல்ல மென்பொருள். வண்ணங்களும் குரல்களும் அதற்குப் பிறகுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஊட்டியையே எடுத்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள். தலைகுந்தா தாண்டிக் கல்லட்டி வழியாக இறங்கினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தூரத்தை மட்டும் கணக்குப் பார்க்கும் மென்பொருளிடம் கேட்டால் தயங்காமல் கல்லட்டியைத்தான் காட்டும். அந்த 30 கிலோமீட்டருக்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சரிவு மிகச் செங்குத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் பழகியவர்களுக்குப் பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து உயிர்கள் போயின. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தச் சரிவில் இறங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது எல்லா மேப்புக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அதே நீலகிரியில், 2024 ஜனவரியில், மேப் காட்டிய வழியை நம்பிக் கூடலூரில் ஒரு கார் குடியிருப்புப் பகுதியின் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. நல்ல வேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம் நடந்தது அப்படி இல்லை. ராமகங்கை ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. மேப்பில் மட்டும் பாலம் முழுதாக இருந்தது. அதை நம்பி வந்த கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் குறுக்கே தடுப்பு வைக்காதவர்களின் பொறுப்பு பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் காரில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் கையில் இருப்பது மேப் ஒன்றுதான்.

மென்பொருளுக்குச் சாலை என்பது இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நீளம், ஒரு வகை, ஓர் உத்தேச வேகம். எந்தக் கோடுகளைக் கூட்டினால் நேரம் குறைகிறது என்று பார்த்து அதையே வழி என்று காட்டுகிறது. தேசிய நெடுஞ்சாலை என்று குறித்திருந்தால் அதற்கு ஒரு வேகம், கிராமச் சாலை என்றால் இன்னொரு வேகம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் அளவுக்கு ஏறுகிறோம் என்பதைக் கணக்கில் எடுக்காத மென்பொருள், சமவெளியில் ஓட்டுவதுபோல் நேரம் சொல்லிவிடும். பந்திப்பூர், முதுமலை வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இப்படிப்பட்ட நேரத் தடைகளைக் குறித்து வைக்க, தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வசதி இருக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் அதை அங்கே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளும் அதைப் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் போன்றவற்றை எந்த மேப்பிலும் எதிர்பார்க்காதீர்கள். அதை நீங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதற்கு அடியில் யாருடைய மேப் இருக்கிறது என்று பாருங்கள். நமக்குக் கிடைப்பவை முக்கியமாக மூன்று. கூகுள் மேப்ஸை எல்லோருக்கும் தெரியும்; கடைகள், பெட்ரோல் பங்க், போக்குவரத்து நெரிசல் என்று அன்றாடத் தகவலில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் பயன்படுத்தும் வசதி அதன் போன் செயலியில்தான் உண்டு. லேப்டாப்பில் பிரௌசரைத் திறந்து பார்ப்பவர்களுக்குச் சிக்னல் போனால் திரை வெறுமையாகிவிடும். அடுத்தது மேப்மைஇந்தியா. 1995 முதல் நம் நாட்டுச் சாலைகளை அளந்து வரும் நிறுவனம். இப்போது மேப்பிள்ஸ் என்ற பெயரில் செயலி தருகிறது. மூன்றாவது, 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரைந்து வரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது. லேப்டாப்பில் இணையமே இல்லாமல் மேப் பார்க்க வேண்டும் என்றால் நடைமுறையில் நீங்கள் வந்து சேரும் இடம் இதுதான்.

இனி மென்பொருள். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இருந்த நம் உறவினர்கள் மைக்ரோசாஃப்டின் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் டிரிப்ஸ் என்ற மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, ஒரு குட்டி ஜிபிஎஸ் கருவியைச் செருகிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றினார்கள். டெலோர்ம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் அட்லஸும் அப்படித்தான். முதலாவதை 2014-ன் முடிவோடு நிறுத்திவிட்டார்கள். டெலோர்மை 2016-ல் கார்மின் வாங்கிக்கொண்டது. பழைய சிடி யாராவது தந்தால் வாங்கி வைக்காதீர்கள். அவற்றில் இந்தியச் சாலைகள் கிடையாது. அமெரிக்கச் சாலைகளும் பத்து ஆண்டுக்கு முந்தியவை. விண்டோஸோடு வந்துகொண்டிருந்த மேப்ஸ் செயலியில் மேப்பை இறக்கி வைக்க முடிந்தது. பலர் அதை நம்பியிருந்தீர்கள். 2025-ல் அதையும் மைக்ரோசாஃப்ட் விலக்கிக்கொண்டது.

இன்றைக்கு என்னைக் கேட்டால் கியூமேப்ஷேக் என்பேன். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மின் கருவிகளுக்காகச் செய்த மேப் கோப்புகளை இறக்கி அதில் திறந்துகொள்ளலாம். வழி கணக்கிடுவதையும் இணையம் இல்லாமலே செய்ய வைக்கலாம். முதல் நாள் அமைப்பது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும் வேலை. வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஒப்படைத்துவிடுங்கள். அதற்குப் பலன் உண்டு. வழியைக் கோடாக வரைந்ததும் கீழே அதன் ஏற்ற இறக்கம் மலைத்தொடர்போல் விரியும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினோரு நாள் சுற்றி ரேடாரால் அளந்து வந்த உயரக் கணக்குதான் இதற்கெல்லாம் அடிப்படை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள் என்று பலகையில் படிப்பது ஒன்று. அந்தக் கோடு நட்டுக்குத்தாக எழுவதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வாந்தி வரும், காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வோம்" என்று முடிவெடுப்பது இன்னொன்று.

கார்மின் கருவி ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் பேஸ்கேம்ப் எளிது. கியூஜிஐஎஸ் மிகச் சக்தி வாய்ந்தது. நிலவியல் படிப்பவர்களுக்கும் அளவைத் துறையினருக்கும் ஏற்றது. விடுமுறைப் பயணத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

எதைப் போட்டாலும் வாங்குவதற்கோ பழகுவதற்கோ முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில், வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு மென்பொருளைத் திறவுங்கள். ஓர் ஊரின் பெயரைத் தேடுங்கள், வழி கேளுங்கள். "ஆஃப்லைன்" என்று விளம்பரம் செய்யும் பல செயலிகள் படத்தை மட்டும் காட்டிவிட்டுத் தேடலுக்கும் வழிக்கும் இணையத்தைக் கேட்டு நின்றுவிடும். பிறகு உங்களுக்கு அத்துப்படியான சாலையைக் கேளுங்கள். உங்கள் சொந்த ஊருக்குப் போகும் வழியில் புதிதாக வந்த புறவழிச்சாலை அதற்குத் தெரிகிறதா? மூடப்பட்ட ரயில்வே கேட்டை இன்னும் திறந்தே வைத்திருக்கிறதா? உங்கள் ஊரில் தடுமாறும் மேப், தெரியாத ஊரில் மட்டும் சரியாக இருக்குமா?

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் போட்ட திட்டத்தைப் போனுக்கு மாற்ற ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் என்ற போன் செயலிகள் இரண்டும் அதைத் திறக்கும். அந்தக் கோப்புக்குள் வழியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "ரூட்" என்று சேமித்தால் அதில் இருப்பது நீங்கள் குறித்த சில ஊர்கள் மட்டும். நடுவில் எப்படிப் போவது என்பதைப் போன் தன் போக்கில் மறுபடி கணக்கிடலாம். "டிராக்" என்று சேமித்தால் நீங்கள் வரைந்த கோடு வளைவுக்கு வளைவு அப்படியே நிற்கும். இரவு உட்கார்ந்து, கல்லட்டி வேண்டாம், கூடலூர் வழியே போவோம் என்று முடிவுசெய்துவிட்டு, ஊட்டி, மசினகுடி என்ற இரண்டு பெயரோடு ரூட்டாக அனுப்பினால், காலையில் போன் உங்களைக் கல்லட்டிக்கே கூட்டிப்போகும். டிராக்காகச் சேமியுங்கள். ரூட்டாகத்தான் வேண்டும் என்றால் கூடலூரையும் தெப்பக்காட்டையும் நடுப்புள்ளிகளாகப் போடுங்கள்.

சரி, ஓடும் காரில் லேப்டாப்பிலேயே நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. அவை இடத்தைக் காட்டுவது அக்கம்பக்கத்து வைஃபை சிக்னல்களை வைத்துத்தான். நகரத்தில் இது ஓரளவு சரியாக இருக்கும். நெடுஞ்சாலையில் வைஃபை ஏது? அதற்கு யுஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் என்று ஒரு வட்டச் சில்லு விற்கிறது. அடியில் காந்தம், ஒன்றரை இரண்டு மீட்டர் வயர். கண்ணாடிக்குக் கீழே, வானம் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டு மறுமுனையை லேப்டாப்பில் செருக வேண்டும். வாங்கும்போது ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் பிடிக்குமா என்று கேளுங்கள். இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். இரு பக்கமும் மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் வானத்தின் ஒரு கீற்றுதான் தெரியும் என்பதால், எண்ணிக்கை கூடக் கூட நல்லது. மிகப் பழைய ரிசீவரைத் தவிருங்கள். ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6-ல் அப்படித் தொடங்கியபோது பழைய கருவிகள் சில இருபது ஆண்டு பின்னால் போய்விட்டன.

செருகியவுடன் இடம் தெரியவில்லை என்று கருவியைக் குறை சொல்லாதீர்கள். போனுக்குச் செயற்கைக்கோள்களின் நிலவரம் இணையம் வழியாக வந்துவிடுகிறது. தனி ரிசீவர் அதைச் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலிலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் 30 நொடிக்கு ஒருமுறை வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம். அடுக்குமாடியின் தரைத்தள பார்க்கிங்கில் அதற்கு ஒன்றுமே கேட்காது. கிளம்புவதற்கு முன் வெட்டவெளியில் காரை நிறுத்தி, சாமான் ஏற்றும் நேரத்தில் அதை இயக்கி விடுங்கள்.

அந்தச் சில்லு என்ன பேசுகிறது என்று பார்த்தால் வரிவரியாக எண்கள் ஓடும். கோயம்புத்தூரில் நின்றால் அட்சரேகை இடத்தில் 1101.008 என்று வரும். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மிச்சம் நிமிடம்: அதாவது 11 டிகிரி 1.008 நிமிடம். மேப் மென்பொருள்களோ இதையே 11.0168 என்று தசமத்தில் கேட்கும். புள்ளியை இடம் மாற்றி 11.01008 என்று தட்டிவிட்டால் முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். காட்டு விடுதிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் எண்ணை மென்பொருளில் போடும்போது இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில், மண் சாலையில், முக்கால் கிலோமீட்டர் பெரிய தூரம்.

லடாக் போகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். வேறு மாநிலத்து ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மணாலியிலிருந்து லே போகும் சாலையில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பிரசித்தம். அந்தத் தூரத்தின் பெரும்பகுதியில் போன் மௌனம்தான். மேப்பை மணாலியிலேயே இறக்கி முடித்துவிடுங்கள். இன்னொன்றைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அது பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் இயங்க உத்தரவாதம் உண்டு. அதற்குள் தகவலைப் படிக்கும் முனை தட்டின்மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. காற்று அடர்த்தி குறைந்தால் தட்டை உரசிவிடும். லே நகரமே 3,500 மீட்டர்; வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி இருக்கும் லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போங்கள். செயற்கைக்கோள் போன், அதன் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி ஆகியவற்றை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வந்து தந்தாலும் வேண்டாம்.

காருக்குள் லேப்டாப்பை எங்கே வைப்பது? பின் சீட்டில், கெட்டியான பையின் மேல். முன் சீட்டில் மடியில் வைத்திருந்தால், ஏர்பேக் விரியும் நொடியில் அது உங்கள் முகத்துக்கும் நெஞ்சுக்கும் வரும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. பார்ப்பவர் வாயால் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். "அடுத்து பாலம் வரும், அதுக்கப்புறம் வலது பக்கம் ஏரி" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். போன் விளையாட்டை மறந்துவிடுவார்கள்.

மேப் வரைவது பற்றிப் பேசும்போது நம் மண்ணின் ஒரு சரித்திரத்தை விட்டுவிட மனமில்லை. இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802 ஏப்ரல் 10-ல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் அங்கே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டே போனார். காவிரிச் சமவெளியில் மலை இல்லாததால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதை விட்டுவிடவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். அவரோடு கொடி பிடித்தும், சங்கிலி இழுத்தும், காய்ச்சலில் விழுந்தும் உழைத்த நம் ஊர்க்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை. இன்று நம் திரையில் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் அதுபோல் யாரோ ஒருவர் நடந்தோ, ஓட்டியோ, படம் பார்த்தோ வரைந்திருக்கிறார்கள்.

அந்த வேலையில் உங்களுக்கும் இடம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்கக் கட்டம் உண்டு. நம் மாநிலத்தின் சிற்றூர்கள் பலவற்றுக்கு அது காலியாகவே கிடக்கிறது. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். கணக்கைத் தொடங்கி, ஊரைப் பெரிதாக்கி, பெயரைத் தமிழில் தட்டிச் சேமிக்கலாம். செயலியில் மொழியைத் தமிழாக வைத்திருக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் அது அடுத்த புதுப்பிப்பில் தமிழிலேயே தெரியும். பாலம் இடிந்திருந்தால், கேட் இரவில் மூடினால், கல்லட்டி மாதிரி ஒரு சரிவு உங்கள் பக்கம் இருந்தால், அதையும் அங்கே குறித்து வையுங்கள்.

இந்த விடுமுறையில் நீங்கள் போய்வரும் வழியை டிராக்காகப் பதிந்து, மேப்பில் இல்லாத ஊர்ப் பெயர்கள், மேப் தவறாகக் காட்டிய சாலைகள், மாலை 6 மணிக்கு மேல் போகக் கூடாத பாதைகள் ஆகியவற்றைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் சரியான எழுத்தோடும், எந்த மாதம் போனீர்கள் என்பதோடும் அனுப்பினால் போதும். மாவட்ட வாரியாகத் தொகுத்துப் பள்ளி திறப்பதற்குள் ஓர் இதழில் வெளியிடுகிறோம். நீலகிரி, ஈரோடு, திண்டுக்கல் பக்கங்களை முதலில் தொடங்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்